பழைய பலகையும் மழைக்கணக்கும்

கருவிகளுக்கும் மூப்பு உண்டு. தேய்ந்து போவதால் ஒரு கருவி பழையதாவது ஒருவகை. அதனிலும் புதியதொன்று சந்தைக்கு வந்துவிட்டது என்ற காரணத்தினாலேயே பழையதெனப் பெயர் பெறுவது இன்னொருவகை. மின்னணுக் கருவிகளுட் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகையிலேயே மூப்படைகின்றன. அலுமாரி மூலைகளிலும் பழைய சப்பாத்துப் பெட்டிகளிலும் முடங்கிக் கிடக்கும் இவற்றுட் பல, மின்சாரம் கொடுத்தால் இன்றும் இயங்கக்கூடியவை. அவற்றுக்கு இல்லாதது உயிரன்று, வேலை.

அத்தகைய பலகையொன்று அம்பிட்டியவில் ஒரு வீட்டிலே கிடந்தது. கண்டி நகரிலிருந்து தலாத்துஓயாவுக்குச் செல்லும் வீதியில், குருமடத்தால் பெயர்பெற்ற ஊர் அம்பிட்டிய. அங்கு சரிவொன்றிலே அமைந்த சிறிய வீடு அது. உயர்தரப் பரீட்சையைக் கலைப்பிரிவில் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதியை எதிர்பார்த்திருந்த மகளும் தாயுமே அதில் வசித்தனர். மூத்தவன் கட்டாரில் வேலை செய்கிறான். பாடசாலைக் கண்காட்சி ஒன்றுக்காக அவன் வாங்கிய அப்பலகை, சில வயர்த் துண்டுகளோடும் எல்.ஈ.டி. விளக்குகளோடும் பெட்டியொன்றினுள் உறங்கியது.

அதனைத் தங்கை வெளியே எடுத்தமைக்குக் காரணம் பொழுதுபோக்கு அன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த பெருமழை மலைநாடெங்கும் மண்சரிவுகளை விளைவித்தது. கண்டி மாவட்டம் பெரும் உயிரிழப்பைச் சந்தித்தது. மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் பல இடங்களில் அற்றுப்போயின. அந்த இரவிலே தாயும் மகளும் கூரையில் விழும் ஓசையைக் கொண்டே மழையை அளந்தனர். வெளியேறுவதா, இருப்பதா என்று மும்முறை எழுந்து மும்முறை அமர்ந்தனர். வீட்டுக்குக் கேடொன்றும் நேரவில்லை. ஆயினும் விடிந்தபின் தாய் கேட்டது மகளின் உள்ளத்திலே தைத்துவிட்டது: “எத்தனை மணிக்கு வெளியே போயிருக்கணும்னு நமக்கு எப்படித் தெரியும்?”

இவ்வினாவுக்கு விடையளிக்கும் எண்கள் நாட்டிலே இல்லாமலில்லை. மண்சரிவு எச்சரிக்கைகளை விடுக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அவற்றை வகுத்துள்ளது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருத்தல் வேண்டும். 100 ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாதல் வேண்டும். 150 ஐத் தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தாலோ வெளியேறுதல் வேண்டும். அந்த இரவில் அவ்வீட்டில் இல்லாதிருந்தது, தம் கூரைமேல் பெய்த மழையின் கணக்கு மாத்திரமே. புவியியலை ஒரு பாடமாகக் கற்ற அப்பெண் மழைமானியை நன்கு அறிவாள். ஆனால் நள்ளிரவில் கொட்டும் மழையில் குடுவையைப் பார்த்துவர யார் செல்வது? கணக்கு வீட்டினுள்ளேயே தெரிதல் வேண்டும். அப்போதுதான் அண்ணனின் பெட்டி நினைவுக்கு வந்தது.

அதிலிருந்தது ‘ஆர்டுயினோ நானோ’ எனப்படும் மாதிரியின் மலிவான படி. நீளம் 45 மில்லிமீற்றர். அகலம் 18 மில்லிமீற்றர். அதன் நடுவிலிருக்கும் ‘ஏ.ரி.மெகா 328பி’ என்னும் நுண்கட்டுப்படுத்தியில் நிரலுக்கென 32 கிலோபைற்று, தற்காலிக நினைவுக்கென 2 கிலோபைற்று, மின்சாரம் நின்றாலும் அழியாத குறிப்புகளுக்கென 1 கிலோபைற்று ஆகிய இவ்வளவே இடமுண்டு. கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே இது போதாது. மழைத்துளியை எண்ணுவதற்கோ தாராளம்.

இப்பலகையின் வரலாறு கலைப்பிரிவினரும் அறியத்தக்கது. இதன் நுண்கட்டுப்படுத்திக் குடும்பம் நோர்வேயின் துரொண்ட்ஹைம் நகரில் ஆல்ஃப் எகில் போகன், வேகார்ட் வொலான் என்னும் இரு மாணவர்கள் வகுத்த வடிவமைப்பிலிருந்து பிறந்தது. இத்தாலியின் இவ்ரேயா நகரிலிருந்த வடிவமைப்புக் கல்வி நிறுவகமொன்றிலே, கொலம்பியரான எர்னாண்டோ பராகான் தம் முதுமாணி ஆய்வுக்காக 2003 இல் ‘வயரிங்’ என்னும் பலகையைத் தொடங்கினார். அவ்வழியிலேயே 2005 இல் மாசிமோ பான்சியும் அவர்தம் நண்பர்களும் ஆர்டுயினோவை உருவாக்கினர். அது முதலில் நாடிச் சென்றது பொறியியலாளரை அன்று. மின்னணுவியல் பயிலாத வடிவமைப்பு மாணவரையும் கலைஞரையுமே. அதன் சுற்று வரைபடங்கள் எவரும் காணுமாறு வெளியிடப்பட்டமையாலேயே மலிவான படிகள் உலகெங்கும் பரவின. அம்பிட்டிய வீடொன்றின் பெட்டியிலே இப்பலகை கிடந்தமைக்கும் அந்தத் திறந்த மனமே காரணம்.

‘பிரெட்போர்ட்’ எனப்படும் துளைப்பலகையிலே நானோவைப் பொருத்துவது முதல் வேலை. முற்காலத்தில் ஆர்வலர்கள் பாண் வெட்டும் மரப்பலகையில் ஆணியடித்துச் சுற்றுகளை அமைத்தமையால் வந்த பெயர் அது. இக்காலப் பலகையிலே 2.54 மில்லிமீற்றர் இடைவெளியில் துளைகள் உள்ளன. ஐந்து துளைகள் அடியிலே ஓர் உலோகப் பட்டையால் இணைந்திருக்கும். ஒரே ஐந்தினுள் செருகப்பட்டவை பற்றாசு இன்றியே ஒன்றோடொன்று தொடர்புறும். நடுப்பள்ளத்தின் இருபுறமும் நானோவின் கால்கள் அமர்ந்தபின், ஒருபுறத்தில் மூன்று துளைகளும் மறுபுறத்தில் இரண்டுமே எஞ்சின. ஓரங்களில் ஓடும் மின்வழங்கற் கோடுகள் சில பலகைகளில் நடுவிலே துண்டிக்கப்பட்டிருக்கும். அவளுடைய பலகையும் அவ்வகையதே. விளக்கொன்றைத் துளை துளையாக மாற்றிப் பார்த்து அதனை அறிந்துகொண்டு, இடைவெளியைச் சிறு வயரால் இணைத்தாள்.

அடுத்த தடை கணினியிலே எழுந்தது. முதலில் எடுத்த இணைப்பு வயர் மின்னூட்டத்துக்கு மாத்திரம் உரியது. தரவைக் கடத்தும் இழைகள் அதில் இல்லை. வேறு வயர் கிடைத்தபின் கணினி பலகையைக் கண்டுகொண்டது. நிரலை அனுப்பினால் மாத்திரம் பலகை மறுமொழி தரவில்லை. பலகை இறந்துவிட்டதென்றே அவள் எண்ணினாள். இரவு தொலைபேசியில் அழைத்த அண்ணன் சிரித்தான்.

“பலகை சாகலை, தங்கச்சி. நீ பேசுற வேகம்தான் அதுக்கு விளங்கலை. பட்டியல்ல ‘பழைய தொடக்க நிரல்’னு ஒன்னு இருக்கும், அதைத் தெரிவு செஞ்சு பாரு.”

உண்மை அதுவே. 2018 ஜனவரிக்குப் பின் விற்பனைக்கு வந்த நானோக்களின் தொடக்க நிரல் கணினியுடன் செக்கனுக்கு 115200 பிற்று வேகத்தில் உரையாடும். பழையவற்றின் வேகம் 57600. புதியவரின் விரைவிலே பேசினால் முதியவருக்கு விளங்குவதில்லை. வேகத்தை மாற்றியதும் நிரல் ஏறியது. பலகையிலிருந்த சிறு விளக்கு செக்கனுக்கு ஒருமுறை மின்னிற்று. தாய் அடுக்களையிலிருந்து வந்து பார்த்து, “இதுக்கா மூணு நாள்?” என்றாள்.

பின்னர் மழைமானி. 16 சென்ரிமீற்றர் விட்டமுள்ள புனலின் வாய்ப்பரப்பு ஏறத்தாழ 201 சதுர சென்ரிமீற்றர். ஆகவே ஒரு மில்லிமீற்றர் மழை 20 மில்லிலீற்றர் நீராகச் சேரும். புனலின் கீழே, நடுவில் அச்சிலே தாங்கப்பட்ட இரட்டைத் தகரக் கிண்ணம். ஒரு பக்கத்தில் 5 மில்லிலீற்றர் நிறைந்ததும் அது கவிழ்ந்து மறுபக்கத்தை நீட்டும். ஒரு கவிழ்வு கால் மில்லிமீற்றர் மழைக்குச் சமன். கிண்ணத்தில் ஒட்டிய காந்தம் ஒவ்வொரு கவிழ்விலும் சிறு கண்ணாடிக் குழாய் ஆளியொன்றைக் கடந்து செல்லும். அக்கணம் ஆளி மூடித் திறக்கும். ஆளியின் ஒரு முனை நானோவின் இரண்டாம் இலக்கத் தொடுப்பிலும் மறுமுனை புவித்தொடுப்பிலும் இணைக்கப்பட்டன.

பரிசோதனையாக 10 மில்லிமீற்றர் மழைக்குரிய 201 மில்லிலீற்றர் நீரை மெல்ல ஊற்றினாள். கண்ணுக்குக் கவிழ்வுகள் நாற்பது, பலகைக்கோ அறுபத்தேழு! ஆளியின் தகடுகள் தொடும்போது ஒரேயடியாக நிலைகொள்ளாமல் நுண்ணிய கணங்களிலே துள்ளும்; அத்துள்ளல்களையும் பலகை மழையென்று எண்ணிவிட்டது. ஒரு கவிழ்வின் பின் 200 மில்லிசெக்கனுக்குள் வருவனவற்றைப் பொருட்படுத்தாதே என நிரலிலே ஒருவரி சேர்த்ததும் எண்ணிக்கை நாற்பதாயிற்று. மணித்தியாலத்துக்கு 75 மில்லிமீற்றர் என்னும் கொடுமழையிலும் கவிழ்வுகளுக்கிடையே 12 செக்கன் உண்டாகையால் உண்மையான மழை எதுவும் இதனால் விடுபடாது.

மின்வெட்டுக்கும் வழி செய்தல் வேண்டும். பலகை இழுக்கும் மின்னோட்டம் மிகச் சிறிதாகையால், கைத்தொலைபேசிக்குரிய மின்சேமிப்பி வேலையில்லையென்று எண்ணித் தானே அணைந்தது. ஆறு சிறு மின்கலங்களைத் தொடராக இணைத்தபோது பிரச்சினை தீர்ந்தது. அவை மூன்று நான்கு நாட்களுக்குப் போதும். மின்கலம் மாற்றும்போது கணக்கு அழியாதிருக்க, மணிக்கொருமுறை அந்த ஒரு கிலோபைற்று நினைவிலே அது எழுதப்படுகிறது. 75, 100, 150 என்னும் எல்லைகளுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு ஆகிய மூன்று விளக்குகள். ஒரு மணித்தியாலத்துக்குள் 75 ஐத் தாண்டினாலும் சிவப்பே எரியும்.

இச்சிறு கருவி மலையைத் தாங்கிப் பிடிக்காது. மண்ணின் ஈரமும் சரிவின் வெடிப்பும் அதற்குத் தெரியா. அதிகாரிகளின் அறிவித்தலுக்கு அது மாற்றும் அன்று. ஆனால் அறிவித்தல் வந்துசேராத இரவொன்றிலே, அச்சத்தை மாத்திரம் கொண்டு முடிவெடுக்க நேர்ந்த இருவருக்கு ஓர் எண்ணை அது தரும். இதே வேலையைச் செய்யும் புதிய கருவிகள் கடைகளில் உண்டு. மூடிய பெட்டிகளாக வரும் அவை பழுதடைந்தால் வீட்டாரால் செய்யக்கூடியது யாதுமில்லை. துளைப்பலகையிலோ ஒவ்வொரு வயரும் கண்முன்னே கிடக்கிறது. எது எங்கே செல்கிறது, ஏன் செல்கிறது என்பதை அதனை அமைத்தவள் அறிவாள். ஆபத்து வேளையிலே நம்பத்தக்கது புதிய கருவியா பழைய கருவியா என்பதைக் காட்டிலும், அதனை விளங்கிக்கொண்டவர் வீட்டில் இருக்கின்றாரா என்பதே முதன்மையான வினா.

பல்கலைக்கழகம் திறந்தால் மகள் விடுதிக்குச் சென்றுவிடுவாள். ஆகையால் கொப்பித்தாள் ஒன்றிலே சுற்றை வரைந்து, வயர்களின் நிறங்களைத் தமிழில் எழுதி, கருவியின் அருகே சுவரில் ஒட்டினாள். ஒரு மாலையிலே தாய் தனியாக ஆறு மின்கலங்களையும் கழற்றிப் புதியவற்றை இட்டுப் பார்த்தாள். ஒன்றைத் தலைகீழாக இட்டிருந்ததைத் தாளைப் பார்த்துத் தானே திருத்தினாள். விளக்கு மின்னியது; அதுவரை எண்ணிய கணக்கும் அழியாமல் இருந்தது.