செவ்வாய்க்கிழமைக் கடன்

2018இல், வறட்சி கண்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த ஓரிலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. நுவரெலியா அந்தப் பட்டியலில் இல்லை. எங்கள் கொத்மலையில் மழைக்குக் குறைவில்லை, கடனுக்கும் குறைவில்லை.

2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென நாடே கைவிரித்தது. செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். தோட்டத்து நாட்சம்பளமோ 1,000 ரூபாவிலேயே நின்றது. என் வகுப்புப் பிள்ளையொருத்தி அந்நாட்களில் செவ்வாய்க்கிழமை தோறும் வரமாட்டாள். கிழமைக்கடன் அறவிட வருபவரிடம், "அம்மா மலைக்குப் போயிட்டாங்க" என்று சொல்ல லயத்தில் ஓர் ஆள் வேண்டுமாம். குழுக்கடனில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். ஆகவே, அறவிடுபவருக்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டுவாள். அடகுவைத்த தோடும் ஏலத்தில் போயிற்று.

நாட்டின் கடனுக்குப் பேச ஆளிருந்தது, தவணை நீண்டது. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்குள் ஊழியர் சேமலாப நிதியையும் இழுத்தார்கள். கொழுந்து பறிப்பவளின் முதுமைக் காசும் அதில் அடக்கம். 2024 டிசெம்பரில் சர்வதேசப் பிணைமுறிகளுக்கும் வழி பிறந்தது. இந்தத் தாய்மாரின் கடனைப் பேசித் தீர்க்கப் பிரதேச செயலகத்தில் ஒரு மேசையாவது போட்டிருக்கலாம்.

பிள்ளை பின்னர் செவ்வாய்க்கிழமைகளிலும் வந்தாள். தாய் கொழும்புக்கு வீட்டுவேலைக்குப் போய், தவணைக் காசை அங்கிருந்து அனுப்பத் தொடங்கியிருந்தாள்.