கித்தானுக்கு அப்பால் சிங்கம்

மிருகக் காட்சிசாலையில் சிங்கம் கூண்டுக்குள் இருக்கும். நாம் வெளியே நின்று வேர்க்கடலை கொறிப்போம். கென்யா தேசத்து மசாய் மாராவில் இந்த ஏற்பாடு தலைகீழ். சிங்கம் வெளியே, நாம் உள்ளே! நடுவில் இரும்புக் கம்பி இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். வெறும் கித்தான் துணிதான்!

நைரோபியிலிருந்து மோட்டாரில் ஐந்தாறு மணி நேரம். நாரோக் பட்டணத்தைத் தாண்டிப் போனால் கண்ணுக்கெட்டிய வரை புல்வெளி. சரணாலயத்தின் விஸ்தீரணம் சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். தெற்கே டான்சானியாவின் செரெங்கெட்டி. எல்லைக்கோடு மனிதனுக்குத்தான், ஜூலை முதல் அக்டோபர் வரை லட்சக்கணக்கான வில்டபீஸ்ட் மான்கள் பாஸ்போர்ட் இல்லாமலே வந்து போகின்றன.

இந்தக் கூடார வாழ்க்கையின் பூர்வோத்தரம் வேட்டை. 1909-இல் அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், மகனுடன் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வந்தார். இருவருமாகச் சேர்ந்து ஐந்நூறுக்கு மேற்பட்ட பிராணிகளைச் சுட்டுத் தள்ளினார்கள். 1977-இல் கென்யா வேட்டைக்குத் தடை விதித்தது. துப்பாக்கி போயிற்று, காமிரா வந்தது. கூடாரம் மட்டும் நிலைத்துவிட்டது.

கூடாரம் என்றதும் திருவிழாக் கடையை நினைக்க வேண்டாம். கட்டில், மெத்தை, பின்புறம் குளியலறை எல்லாம் உண்டு. "வெந்நீர்!" என்று குரல் கொடுத்தால், ஒருவர் வாளியில் கொண்டுவந்து, வெளியே உயரத்தில் தொங்கும் பையில் ஊற்றுவார். சங்கிலியை இழுத்தால் தலையில் மழை! வாளி தீருமுன் சோப்பைக் கழுவிவிடுவது உங்கள் சாமர்த்தியம். பூமத்திய ரேகைக்குப் பக்கம்தான். ஆனாலும் மேட்டு நிலமாதலால் இரவில் பல் கிட்டுகிறது. போர்வைக்குள் வெந்நீர்ப் பை வைக்கிறார்கள். காலையில் 'சாய்', 'சபாத்தி'. ஸ்வாஹிலி மொழியிலும் அவற்றுக்கு அதே பெயர்தான்!

முகாமைச் சுற்றி வேலி கிடையாது. இருட்டிய பிறகு தனியே ஓர் அடி வைக்கக் கூடாது. 'அஸ்காரி' என்ற காவல்காரர் ஈட்டியும் டார்ச் விளக்குமாக வந்து அழைத்துப் போவார். "ஜிப்பை முழுக்க மூடிக்கொள்ளுங்கள். லாலா ஸலாமா" என்றார் எங்கள் அஸ்காரி. நன்றாகத் தூங்குங்கள் என்று அர்த்தம். தூக்கமாவது! தலைமாட்டில் 'சரக், சரக்' என்று புல் மேயும் சத்தம். ஆற்றிலிருந்து கரையேறிய நீர்யானை. ஓர் இரவுக்கு அதற்குச் சுமார் 40 கிலோ புல் வேண்டுமாம். பிறகு சிங்கம் கர்ஜித்தது. அப்பப்பா! எட்டுக் கிலோமீட்டர் கேட்கக்கூடிய குரல் அது. காதால் கேட்டேனா, வயிற்றால் கேட்டேனா என்று சொல்லத் தெரியவில்லை.

விடிந்ததும் அஸ்காரியிடம், "உங்கள் மாட்டைச் சிங்கம் பிடித்ததுண்டா?" என்று கேட்டேன்.

"இரண்டு மாடு போயிற்று. என் அப்பா காலமாயிருந்தால் மறுநாளே ஈட்டியோடு கிளம்பியிருப்பார்."

"நீங்கள்?"

"சிங்கம் இருந்தால் நீங்கள் வருவீர்கள். நீங்கள் வந்தால் வாடகை வரும். என் பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளம் அதில்தான்."

எங்கள் முகாம் இருந்தது சரணாலயத்தை ஒட்டிய மசாய் மக்களின் சொந்த நிலத்தில். 2006-இல் ஓலாரே ஓரோக் என்ற இடத்தில் நில உடைமையாளர்கள் ஒன்று சேர்ந்து, நிலத்தை வனவிலங்குகளுக்கென ஒதுக்கிக் கூடார முதலாளிகளிடம் மாத வாடகை பெறத் தொடங்கினார்கள். அக்கம்பக்கத்தாரும் அந்த வழியில் வந்தார்கள். மாடு மேய்ப்பதற்கு அங்கே கட்டுப்பாடு உண்டு. 2020-இல் கொரோனாவால் விருந்தாளிகள் நின்றபோது பல இடங்களில் வாடகை குறைந்தது. மாடு போன வீட்டுக்கு அந்தப் பணமும் குறைந்தால், ஈட்டி எத்தனை நாள் மூலையில் சாத்தியிருக்கும்? யோசித்துப் பாருங்கள்!

ஆகையால், அங்கே போக வாய்ப்புக் கிடைத்தால், மெத்தை எப்படி, சாப்பாடு எப்படி என்று விசாரிப்பதோடு நிற்காதீர்கள். நிலம் யாருடையது, அவருக்கு வாடகை ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்றும் கேளுங்கள். சிங்கத்தின் ஆயுள் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.