நாப்பத்தொன்பது சென்டிமீட்டர் கம்பி

தாம்பரத்துலருந்து மேற்கே மணிமங்கலம் போற ரோட்டுல, ஒரு காலத்துல நெல்லு வெளைஞ்ச நிலமெல்லாம் இப்ப வீட்டு மனைதான். அதுக்கு நடுவுலயும் நாங்க சில பேர் சம்பா நட்டுக்கிட்டு, மாடு கட்டிக்கிட்டு இருக்கோம். பட்டணத்துலருந்து வர்றவங்க எங்க மாடியில நிக்கிற மூங்கிலைப் பார்த்துட்டு, "என்னங்க, இன்னும் தூர்தர்ஷன்தானா?"ன்னு சிரிப்பாங்க. அது டிவிக்கு இல்லீங்க, ரேடியோவுக்கு. அதுவும் பாட்டு கேக்கற ரேடியோ இல்ல.

காரணம் 2015 வெள்ளம். டிசம்பர் 2-ம் தேதி காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல தாம்பரத்துல பெஞ்ச மழை 49 சென்டிமீட்டர். அடையாறு கரை மீறி முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் முழுங்கிடுச்சு. முடிச்சூர்லதான் என் அக்கா வீடு. எங்களுக்கும் அவங்களுக்கும் சைக்கிள்ல போற தூரம். கரண்ட் போச்சு, பின்னாடியே செல்போனும் ஊமையாச்சு. அக்கா வீட்டுல எல்லாரும் மாடி ஏறிட்டாங்களா, இல்லையா? மூணு நாள் தெரியாது. கண்ணுக்கு எட்டுற தூரத்துல சொந்தக்காரங்க இருந்தும் ஒரு வார்த்தை கேக்க முடியல. அதை அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும்.

அந்த நாள்கள்ல சென்னையில ஹாம் ரேடியோக்காரங்க அவங்க செட்டை வச்சு சேதி கொண்டுபோய் சேர்த்தாங்கன்னு அப்புறம்தான் படிச்சேன். இது அவங்களுக்குப் புதுசும் இல்ல. 2004 சுனாமி அன்னைக்கு பாரதி பிரசாத்ங்கற ஹாம் பெண்மணி போர்ட் பிளேர்ல இருந்தாங்க. பொழுதுபோக்குக்காக ரேடியோ போட வந்த இடத்துல, அந்தமானுக்கும் வெளி உலகத்துக்கும் அவங்க செட்டுதான் பாலமாச்சு.

அக்கா மகன் 2015-ல பள்ளிக்கூடத்துப் பையன். அந்த மாடியில தண்ணியைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தவன். வளர்ந்ததும் பரீட்சை எழுதி ஹாம் லைசென்ஸ் வாங்கிட்டான். மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்துற பரீட்சை அது. 12 வயசு ஆனா எழுதலாம். பாஸ் பண்ணா பேருக்குப் பதிலா ஒரு குறி கொடுப்பாங்க. நம்ம நாட்டு ஹாம்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அது வி.யு.2, வி.யு.3-ன்னு ஆரம்பிக்கும்.

போன வருஷம் கையடக்க செட்டோட எங்க வீட்டுக்கு வந்தான். ஸ்கேன் பட்டனை அமுக்கினா அலைவரிசை ஒண்ணொண்ணா ஓடுது, எங்கயும் நிக்கல. வெறும் இரைச்சல்.

"மாமா, உங்க ஊர்ல ஒண்ணுமே எடுக்கல."

"செட்டு சரியில்லையாடா?"

"செட்டு நல்லாத்தான் இருக்கு மாமா. இந்த ரப்பர் குச்சி பத்தாது. உயரமும் பத்தாது."

விஷயம் இதுதான். ஹாம்கள் பேசற 144லருந்து 146 மெகாஹெர்ட்ஸ் வரைக்குமான அலை பெரும்பாலும் நேர்கோட்டுல போறது. கையில பிடிச்சு நின்னா பூமியோட வளைவு ஏறக்குறைய 5 கிலோமீட்டர்ல மறைச்சிடும். அதே ஆன்டெனாவை 9 மீட்டர் உயரத்துல வச்சா 12 கிலோமீட்டர். எதிர்ப்பக்கத்துக்காரர் ஆன்டெனாவும் உயரமா இருந்தா அந்தத் தூரமும் இதோட சேர்ந்துக்கும்.

அடுத்தது நீளம். 143-ஐ மெகாஹெர்ட்ஸால வகுத்தா, அரை அலைக்கு வேண்டிய கம்பி மீட்டர் கணக்குல வரும். 145-ஆல வகுத்தா 98 சென்டிமீட்டர் சொச்சம். அதை நடுவுல வெட்டினா ஒரு கைக்கு 49. "49 மாமா"ன்னு அவன் டேப்பை இழுத்துக் காட்டினப்போ, அக்கா வெத்தலை மடிக்கறதை நிறுத்திட்டா. முடிச்சூர்க்காரங்களுக்கு அது சாதாரண நம்பர் இல்ல.

சாமான் எல்லாம் வீட்டுல கெடந்ததுதான். மோட்டார் கொட்டாய்ல ஒயரிங் பண்ணப்ப மிஞ்சின தடிச்ச செம்புக் கம்பி ரெண்டு துண்டு. ஒரு பிளாஸ்டிக் டீ. கேபிள் டிவிக்காரர் விட்டுட்டுப் போன பழைய ஒயர். அந்த ஒயர் 75 ஓம், இந்த மாதிரி ஆன்டெனாவும் ஏறக்குறைய 73 ஓம், அதனால ஜோடி பொருத்தம்தான். ஒரு கை மேல, ஒரு கை கீழ, செங்குத்தா. ஒயரோட நடுக்கம்பி மேல் கைக்கு, சுத்தி இருக்கற வலை கீழ் கைக்கு. ஒயரை அரை மீட்டராவது பக்கவாட்டுல இழுத்துட்டுதான் கீழ இறக்கணும். மூட்டுல எம்-சீல் வச்சு அடைச்சோம், மழைத்தண்ணி ஒயருக்குள்ள போனா எல்லாம் பாழ். நிறுத்தறதுக்கு இரும்புக் குழாய் வேணாம்னுட்டான். ஆன்டெனா பக்கத்துலயே இன்னொரு உலோகம் செங்குத்தா நின்னா அலையைக் குழப்பிடுமாம். தோப்புல மூங்கிலுக்கா பஞ்சம்? பிளாஸ்டிக் டீ வாங்கின காசுதான் மொத்த செலவு.

ஏத்தி நிறுத்தியும் ஒரு கரகரப்பு விடல. ஒவ்வொரு சுவிட்சா அணைச்சுப் பார்த்தோம். மாட்டுக்கொட்டாய் எல்இடி பல்பை அணைச்சதும் சட்டுன்னு அடங்கிச்சு. மலிவான பல்புக்குள்ள இருக்கற சர்க்யூட்டும் ஒரு குட்டி ரேடியோ ஸ்டேஷன் மாதிரிதான் இரையுதுன்னு அன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டேன். பல்பை மாத்தினேன். மாடு ஒண்ணும் சொல்லல.

அப்புறம் கேட்டுச்சு பாருங்க, மனுஷக் குரல்! ஒருத்தர் தன்னோட குறியைச் சொல்லிட்டு, "மாடியில தண்ணித் தொட்டி கழுவிட்டிருக்கேன், பத்து நிமிஷத்துல வர்றேன்"னார். அக்காவுக்குச் சப்புன்னு ஆயிடுச்சு.

"இதைக் கேக்கறதுக்கா இவ்ளோ பாடு?"

"ம்மா, வெள்ளம் வந்தா இவரே வேற மாதிரி பேசுவாரும்மா"ன்னான் பையன்.

எனக்கு அது சட்டுன்னு விளங்கிச்சு. ஏரிக்கு மதகும் கலங்கலும் எதுக்கு? வருஷத்துல பாதி நாள் அதுங்களுக்கு வேலையே இல்ல. ஆனா சும்மா கெடக்கற நாள்ல தூர் வாரி, பலகை ஏத்தி இறக்கிப் பார்த்து வச்சாதான் ஐப்பசியில ஏரி தாங்கும். தொட்டி கழுவற கதை பேசிப் பேசித்தான் அவங்களும் வழியைத் தூர்ந்து போகாம வச்சிருக்காங்க. யார் செட்டு எவ்ளோ தூரம் எட்டும், யார் எந்நேரம் கேப்பாங்க, எல்லாம் அந்தப் பேச்சுலதான் பழகுது. வெள்ளத்தன்னைக்குப் போய் மூங்கில் வெட்ட முடியாது.

நீங்களும் ஆசைப்பட்டா ரெண்டு எச்சரிக்கை. லைசென்ஸ் இல்லாம இந்த செட்டுல கை வைக்காதீங்க. எங்க வீட்டுலயும் செட்டு அவனோடது, பேசறது அவன்தான், மூங்கில் மட்டும்தான் என்னுது. தாம்பரத்துல விமானப்படைத் தளம், மீனம்பாக்கத்துல ஏர்போர்ட். அவங்க பேச்சு, போலீஸ் பேச்சு எதையும் ஒட்டுக் கேக்கற வேலை வேணாம். இன்னொண்ணு, கரண்ட் லைன் பக்கத்துல கம்பு தூக்காதீங்க. இடி மின்னல் வர்ற மாதிரி இருந்தா முன்னாடியே ஒயரைக் கழட்டி வெளியில போட்டுடுங்க.

மிச்சம் ரெண்டு துண்டு செம்புக் கம்பி இருக்கு. அளந்து வெட்டி வச்சாச்சு. ஞாயித்துக்கிழமை மூங்கிலைத் தோள்ல போட்டுக்கிட்டு முடிச்சூருக்குப் போகணும். அக்கா வீட்டு மாடியில எந்த மூலைன்னு அக்காவே சொல்லிட்டா: தண்ணி ஏறினப்போ எல்லாரும் ஒண்டி உக்காந்த அதே மூலை.