தனிமை தேடிப் போனவரின் குகை

எகிப்தில் செங்கடலுக்கு அருகே, மொட்டை மலைகளின் அடிவாரத்தில் பேரீச்சை மரங்களும் உயரமான மதில்களுமாக நிற்கிறது புனித அந்தோணியார் மடாலயம். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் ‘வனத்து அந்தோணியார்’ என்று வணங்குபவர் இவர்தான். கையில் குழந்தை இயேசுவோடு காட்சி தரும் பதுவை அந்தோணியார் இவருக்கு 900 ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியவர். பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தபோது இவர் பெயரைத்தான் அவர் சூட்டிக்கொண்டார்.

கி.பி. 251 வாக்கில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர் அந்தோணியார். சுமார் 20 வயதில் பெற்றோர் இறந்துவிட, நிலங்களும் ஒரு தங்கையும் அவர் பொறுப்பில். உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடுக்கச் சொல்லும் நற்செய்தி வாசகம் ஒருநாள் தேவாலயத்தில் காதில் விழுந்தது. நிலத்தை ஊராருக்கே கொடுத்தார். தங்கையைக் கன்னியர் சிலரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

பாழடைந்த கோட்டை ஒன்றில் சுமார் 20 ஆண்டுகள் தனித்திருந்தார். அங்கேயும் மக்கள் தேடி வர, இன்னும் தள்ளி இந்த மலைக்கு வந்தார். மடாலயத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் ஏறினால் அவர் வாழ்ந்த குகை. உடலை ஒடுக்கிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகத்தான் உள்ளே போக முடியும்.

இங்கும் கூட்டம் விடவில்லை. தனக்காக ரொட்டி சுமந்து வந்து சிரமப்படுகிறார்களே என்று, மலையடியில் தானே கோதுமை விதைத்தார். பிறகு, களைத்து வருபவர்களுக்காகக் காய்கறியும் பயிரிட்டார். தனிமை தேடிப் போனவர், விருந்தாளிகளுக்காகத் தோட்டம் போட்டார்!

356-ல், சுமார் 105 வயதில் இறந்தார். தன் உடலைப் புதைக்கும் இடத்தை யாருக்கும் சொல்லக் கூடாது என்பது சீடர்களுக்கு அவர் இட்ட கட்டளை. ஆனாலும், அந்த மலையடியிலேயே மடாலயம் எழுந்தது. இன்றும் கோப்டிக் துறவிகள் அங்கே வாழ்கிறார்கள். பழைய தேவாலயத்தின் சுவர்களில் 13-ம் நூற்றாண்டு ஓவியங்கள் பளிச்சென்று இருக்கின்றன.

அவர் வரலாற்றை எழுதியவர் புனித அத்தனாசியார். வயதான காலத்தில் அண்ணன் தங்கையை மறுபடி பார்த்ததையும் அவர் குறிப்பிடுகிறார். அப்போது தங்கைக்கும் முதுமை. மற்ற கன்னியருக்கு வழிகாட்டும் தலைவியாகியிருந்தார். அண்ணன் மகிழ்ந்தார் என்கிறது நூல். ஆனால் தங்கையின் மனதில் என்ன இருந்தது என்பது அதில் இல்லை. அவர் பெயரும் இல்லை. குகைக்குப் படியேறுபவர்கள், அந்தத் தங்கையையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.