அணைச்ச மானிட்டரும் அப்பாவின் காதும்

ரெண்டு வாரமா நான் இந்தப் பக்கம் வரலை (யாராச்சும் தேடினீங்களா?). ஆபீஸ் ஆணியெல்லாம் இல்லை. வீட்டுல ஒரு பொட்டியைப் பேச வைக்க மல்லுக்கட்டிட்டு இருந்தேன்.

அப்பாவுக்கு குளுக்கோமா. இப்ப வெளிச்சம் எந்தப் பக்கம்னு மட்டும்தான் தெரியும். செய்தி, மெயில், பேங்க் கணக்கு எல்லாமே என்விடிஏ வழியாத்தான். திரையில இருக்கறதைப் படிச்சுச் சொல்ற இலவச மென்பொருள் அது. ஆஸ்திரேலியாவுல மைக்கேல் கரன்னு ஒருத்தர், அவருக்கும் பார்வை கிடையாது, 2006ல ஆரம்பிச்சார். அதோட வர்ற ஈஸ்பீக் தமிழும் பேசும். ரோபோ குரல்தான், ஆனா அப்பாவுக்குப் பழகிடுச்சு. என்விடிஏ விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும், நானோ லினக்ஸ் ஆசாமி. அப்பாவோட பழைய லேப்டாப் மண்டையைப் போட்டதும், "என் பொட்டிக்குள்ளயே உங்களுக்கு ஒரு விண்டோஸ் போட்டுத் தர்றேன்"னு வாய் விட்டேன். சொந்தச் செலவில் சூனியம்.

மெய்நிகர் கணினின்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு: தாம்பரம், சேலையூர் பக்கம் ஹவுஸ் ஓனர் கீழே, குடித்தனக்காரர் மாடியிலன்னு இருப்பாங்கல்ல, அது மாதிரி. லினக்ஸ் ஓனர், விண்டோஸ் குடித்தனம். சாதாரணமா குடித்தனத்துக்கு எல்லாமே ஓனர் கை வழியாத்தான் போகும். பாஸ்த்ரூன்னா தனி மீட்டர், தனி மாடிப்படி. கிராஃபிக்ஸ் கார்டை அப்படியே விண்டோஸுக்குத் தூக்கிக் கொடுத்துடலாம். இதுக்கான விஎஃப்ஐஓ லினக்ஸ் கெர்னல்ல 2012லயே வந்தாச்சு. எனக்கு ப்ராசசரோட வர்ற கிராஃபிக்ஸ் போதும். அப்பாவுக்குத் தனி மானிட்டர், தனி கீபோர்டு.

முதல் நாளே படம் வந்துடுச்சு. நான் குதிச்ச குதியில அப்பா, "என்னடா, ஆரம்பிச்சாச்சா?"ன்னார். அப்பத்தான் உறைச்சது. அவருக்கு இன்னும் ஒண்ணுமே வரலை.

சத்தத்துக்கு முதல்ல க்யூஎமு தர்ற டூப்ளிகேட் சவுண்டு கார்டைப் போட்டேன். விண்டோஸ் பேசறதை அது லினக்ஸ் கிட்ட கொடுத்து, லினக்ஸ் ஸ்பீக்கருக்கு அனுப்பும். என் காதுக்கு ஓகே. ஆனா இவரு வீட்டுல உக்காந்தபடி ஹாரனை வெச்சே பீச் லோக்கலா எக்ஸ்பிரஸான்னு சொல்ற மனுஷன். "நடுவுல முழுங்குதுடா. பதினஞ்சாயிரம்னுச்சா, அஞ்சாயிரம்னுச்சா?" பேங்க் கணக்கு படிக்கறப்ப ஒரு எழுத்து விழுந்தா பத்தாயிரம் போச்சு.

அப்புறம்தான் கவனிச்சேன். கிராஃபிக்ஸ் கார்டு ஒண்ணா இருந்தாலும் லினக்ஸ் கண்ணுக்கு ரெண்டு: 01:00.0 படம், 01:00.1 எச்டிஎம்ஐ சத்தம். நான் முதலாவதை மட்டும் மாடிக்கு அனுப்பிட்டு ரெண்டாவதை வாசல்லயே நிறுத்தியிருந்தேன். அதையும் அனுப்பி, மானிட்டர்ல இருக்கற ஓட்டையில ஹெட்போனைச் சொருகினா, குரல்! கூடவே கொஞ்சம் கரகரப்பு. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரில அந்தச் சாதனத்தோட இண்டரப்டை எம்எஸ்ஐ முறைக்கு மாத்தினதும் அதுவும் போச்சு. நிம்மதியாத் தூங்கினேன்.

காலையில, "டேய், ஊமையாயிடுச்சு."

போய்ப் பாத்தா மானிட்டர் ஆஃப். "ஏம்ப்பா அணைச்சீங்க?"

"எனக்கெதுக்குடா அது எரியணும்? கரண்ட் தண்டம்."

எச்டிஎம்ஐல படமும் சத்தமும் ஒரே ஒயர். மானிட்டரை அணைச்சா விண்டோஸுக்கு அந்த சவுண்டு கார்டே காணாமப் போயிடுது. இனிமே அணைக்காதீங்கன்னு சொல்லியிருக்கலாம். பார்க்கவே முடியாத ஒண்ணை, அது பேசணும்கறதுக்காக நாள் முழுக்க எரிய விடுங்கன்னு எப்படிச் சொல்ல? வாய் வரலை.

மதர்போர்டு சவுண்டு சிப்பைக் கொடுக்கலாம்னா, அது வேற முக்கியமான சமாச்சாரங்களோட ஒரே ஐஓஎம்எம்யூ குரூப்புல மாட்டிக்கிட்டு இருக்கு. கொடுத்தா மொத்தமாத்தான் கொடுக்கணும். ஞாயித்துக்கிழமை விட்டுட்டு, திங்கக்கிழமை லோக்கல் ட்ரெயின்ல எக்மோர்ல இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். கட்டைவிரல் அளவுல ஒரு யூஎஸ்பி சவுண்டு கார்டு. அதைத் தனியாக் கொடுக்காம, தனி குரூப்புல இருந்த ஒரு யூஎஸ்பி கண்ட்ரோலரையே விண்டோஸுக்குக் கொடுத்துட்டேன். அப்பாவோட கீபோர்டும் அதுலதான். ஓனர் குறுக்க வர்ற வேலையே இல்லை.

நேத்து ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தேன். அப்பா ரூம்ல லைட் இல்லை, மானிட்டரும் இல்லை. கும்மிருட்டுல ரோபோ குரல் செய்தி படிச்சுட்டு இருந்தது. "தெளிவா இருக்காப்பா?"

"பதினஞ்சாயிரம்தான்டா. செக் பண்ணிட்டேன்."

பி.கு.: பார்வையில்லாதவங்களுக்குப் பொட்டி அமைச்சுக் கொடுக்கறவங்க, எல்லாம் முடிஞ்சதும் மானிட்டரை அணைச்சுட்டு ஒரு தடவை நீங்களே ஓட்டிப் பாருங்க. நான் அதைக் கடைசியா செஞ்சேன். முதல்ல செஞ்சிருக்கணும்.