ஒரே பேனா

நோட்டில் இருந்த டிக் அத்தனையும் நான் போட்டவை. பிள்ளையைப் பிசியோதெரபிஸ்டிடம் காட்ட நெல்லைக்குப் போகிற அன்று, சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஒரு மாதக் கணக்கை ஒரே மூச்சில் முடித்தேன். 'காலை, குப்புறப் போட்டோம். மாலை, போட்டோம்.'

போடவில்லை.

மகன் 30-வது வாரத்தில் பிறந்தவன். எடை 1,300 கிராம். வயதில் 10 வாரத்தைக் கழித்துத்தான் வளர்ச்சியைப் பார்க்கணும், ரெண்டு வயசு வரை இதே கணக்கு என்று பிசியோதெரபிஸ்ட் அம்மா சொல்லியிருந்தார். கடைசி மாதங்களில் வயிற்றுக்குள் இடம் நெருக்கும்போதுதான் கைகால் மடங்கிப் பழகுமாம். இவனுக்கு அந்த நெருக்கடி வாய்க்கவில்லை; தவளை மாதிரி பரத்திக் கிடப்பான். விழித்திருக்கும்போது, பக்கத்தில் இருந்துகொண்டு குப்புறப் போடச் சொன்னார். மனைவி போடுவாள். மூன்றாம் நிமிடம் கத்துவான். ராத்திரி முழுக்கத் தறி ஓட்டிவிட்டுத் தூங்க வந்த நான், "தூக்குடி அவனை" என்று அவனைவிடச் சத்தமாகக் கத்துவேன்.

மடியில் நிறுத்தினால் மட்டும் சிரிப்பான். காலை விறைப்பாக ஊன்றி, விரல்நுனியில் நிற்பான். ஆடித்தபசுக் கூட்டத்தில், நெற்றியில் புற்றுமண்ணோடு அவனை நிறுத்தி, "ஆறு மாசத்துல நிக்கான் பாருங்க மைனி" என்றேன். அம்பாள் ஒற்றைக்காலில் தவம் இருந்த ஊராச்சே என்று பீற்றல் வேறு. கழித்துப் பார்த்தால் அவனுக்கு நாலு மாதம்தான். அடுத்த வாரமே வாக்கர் வாங்கினேன். மர நடைவண்டி, நிற்கத் தெரிந்த பிள்ளை தள்ளுவது. வாக்கரோ, உட்காரவே தெரியாததைத் தொங்கவிடுவது. கனடாவில் 2004-லேயே இதற்குத் தடை என்பது பிறகுதான் தெரியும். 'வாங்காதீங்க' என்று அந்த அம்மா சொன்னது முன்பே தெரியும்.

அடுத்த முறை போனபோது அவர் பிள்ளையை மல்லாத்தி, தொடைகளை மெல்ல விரித்தார். பாதியில் நின்றுவிட்டது. பாதத்தை மேல்நோக்கி மடக்கினார், மடங்க மறுத்தது.

"பலம்னு நெனச்சீங்களா? தசை இறுக்கம்."

முந்திப் பிறந்த பல பிள்ளைகளுக்கு இது வரும், நிறையப் பேருக்குத் தானே தளரும், சிலருக்குத் தளராது, விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் எதுவென்று தெரியும் என்றார். பிறகு நோட்டைப் புரட்டினார். முப்பது நாளும் ஒரே நீல மை, ஒரே சாய்வு. என்னை விட்டுவிட்டு மனைவியிடம் கேட்டார், "தினமும் போடுறீங்களாம்மா?"

"ஆமா" என்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து குப்புறப் போடுவது என் வேலை. வாக்கரைத் தறிக்கூடத்துக் கூட்டாளிக்கு முந்நூறு ரூபாய்க்கு விற்றேன். ஏன் விற்கிறேன் என்று அவனிடம் சொல்லவில்லை.