பதினொன்றா, பன்னிரண்டா

ஒவ்வொரு செப்டம்பரிலும் பாரதிக்கு இரண்டு நாட்கள் கிடைத்துவிடுகின்றன. சில பத்திரிகைகள் 11ஆம் தேதி அவர் படத்தைப் போடுகின்றன, சில 12ஆம் தேதி. 1921 செப்டம்பர் 11 ஞாயிற்றுக்கிழமை. அன்றிரவு திருவல்லிக்கேணி வீட்டில், நடுநிசி தாண்டி ஒன்றரை மணி சுமாருக்கு உயிர் பிரிந்ததாகச் சொல்கிறார்கள். கடிகாரத்தின்படி அது 12. அந்த வீட்டில் விழித்திருந்தவர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான். 2021இல், நினைவு நூற்றாண்டின்போது, தமிழக அரசு செப்டம்பர் 11ஐ மகாகவி நாள் என்று அறிவித்தது. கடிகாரத்தை விட்டுவிட்டு அரசாங்கம் வீட்டார் பக்கம் நின்ற அபூர்வமான சந்தர்ப்பம் இது.

நான் நெடுங்காலமாகப் பன்னிரண்டு கட்சி. 11 என்று அச்சிட்ட பத்திரிகைகளுக்குத் திருத்தக் கடிதங்கள் எழுதியிருக்கிறேன். ஒரு சிறிய கூட்டத்தில் இதற்காகக் குரலை உயர்த்தியும் பேசினேன். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது வயதில் மூத்த நண்பர் ஒருவர் கேட்டார்: "செத்தது அவர். தேதி உமக்கு எதுக்கு ஓய்?" நான் வரலாறு, துல்லியம் என்று ஏதோ சொன்னேன். அவர் டீயை முடித்துவிட்டுப் போய்விட்டார்.

தினசரிகளில் 'வரலாற்றில் இன்று' என்று ஒரு பத்தி வருகிறதல்லவா, அதைக் கத்தரித்து ஒட்டிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. சம்பந்தமே இல்லாத மனிதர்களை ஒரே பெஞ்சில் உட்காரவைக்கும் பத்தி அது. செப்டம்பர் 11க்கு நோட்டில் இரண்டு பக்கம் ஆகிவிட்டது. 1893இல் அன்றைக்குத்தான் சிகாகோவில் விவேகானந்தர் பேசினார். அவரைக் கடல் கடந்து அனுப்பப் பணம் திரட்டியவர்களில் முக்கியமானவர் திருவல்லிக்கேணி அளசிங்கப் பெருமாள். 1906இல் அதே தேதியில் ஜோஹானஸ்பர்க்கின் எம்பயர் தியேட்டரில் காந்தியும் இந்தியர்களும் கூடி, டிரான்ஸ்வால் அரசின் கறுப்புச் சட்டத்துக்குப் பணிவதில்லை என்று சபதம் எடுத்தார்கள். சத்தியாக்கிரகம் என்ற பெயர் அப்போது இல்லை. பெயர் பிற்பாடு வந்தது. மறுநாள் அந்தத் தியேட்டர் தீப்பிடித்து எரிந்துபோயிற்று என்று காந்தியே எழுதியிருக்கிறார். இந்தத் தகவலைப் பத்திக்காரர்கள் சேர்ப்பதில்லை. அது 12ஆம் தேதி நடந்ததல்லவா!

1973இல் சிலி. விமானங்கள் ஜனாதிபதி மாளிகையின்மேல் குண்டு போட்டன. அயெந்தே அதற்குள்ளேயே இறந்தார். அந்த நாட்டில் 'பதினொன்று' என்றால் போதும், மாதமும் வருஷமும் சொல்ல வேண்டியதில்லை. 2001இல் நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்த பிறகு உலகம் முழுவதற்கும் அந்த எண் வேறொன்றாகிவிட்டது. 2002இல் பதினொரு டைரக்டர்கள் ஆளுக்கொரு குறும்படமாக எடுத்துச் சேர்த்த படம் ஒன்று வந்தது. அதில் கென் லோச் எடுத்த பகுதியில், லண்டனில் அகதியாக இருக்கும் ஒரு சிலிக்காரர் அமெரிக்கர்களுக்குக் கடிதம் எழுதுகிறார். எங்களுக்கும் ஒரு செப்டம்பர் 11 உண்டு, அதுவும் செவ்வாய்க்கிழமைதான் என்று. தேதி களவுபோன ஒருவரின் கடிதம். ஒரு தேதிக்காக மனிதன் இப்படி மன்றாட முடியும் என்பதை அதில்தான் பார்த்தேன். 1906இன் பதினொன்றும் செவ்வாய்தான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதிலிருந்து எதுவும் தெரியவரவில்லை.

ஆண்டு நாட்களைக் கேலி செய்வது நம் வட்டாரத்தில் சுலபம். அன்றைக்கு மாலை போடுவார்கள், டி.வி.யில் 'கப்பலோட்டிய தமிழன்' பாட்டுகள் வரும். என் தலைமுறையில் பலருக்குப் பாரதியின் முகத்தில் எஸ். வி. சுப்பையாவின் முகமும் கொஞ்சம் கலந்திருக்கிறது. ஒரு நாள் நினைத்துவிட்டால் மீதி முந்நூற்று அறுபத்து நாலு நாட்கள் விடுதலை என்று நானே எழுதியிருக்கிறேன். எழுதியது பொய்யில்லை. ஆனால் நண்பரின் கேள்விக்கு அது பதிலும் இல்லை.

1983 தை மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை, அப்பாவுக்கு உடம்பு மோசம் என்று தந்தி வந்தது. பகல் பஸ்ஸில் ஏறியிருந்தால் இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாம். அன்று ஒரு சிறு பத்திரிகையின் கடைசி இரண்டு பாரங்களுக்கு அச்சகத்தில் புரூஃப் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்துக் கொடுத்துவிட்டு ராத்திரி பஸ் பிடித்தேன். காலை ஒன்பது மணிக்குத் தெருமுனையில் திரும்பும்போதே வாசலில் பெஞ்சுகள் தெரிந்தன. ராத்திரி ஒண்ணே முக்காலுக்குப் போயிருக்கிறார். இருநூறு பிரதி அச்சான அந்த இதழ் என்னிடம் இன்னும் இருக்கிறது. அதில் பிழைகள் குறைவு.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா ஒரே வாக்கியத்தைச் சொன்னாள்: "புதன்கிழமை ராத்திரி போயிட்டார். இவன் மறுநாள்தான் வந்தான்." குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ என்னால் பொறுக்க முடியவில்லை. "வியாழக்கிழமைம்மா. மணி ஒண்ணே முக்கால்" என்றேன்.

"விடிஞ்சாத்தானடா வியாழன்" என்றாள் அம்மா.

பஞ்சாங்கத்திலும் அப்படித்தான். சூரியன் உதித்தால்தான் கிழமை மாறும். திதி இரண்டுக்கும் கட்டுப்படாமல் தன் இஷ்டத்துக்கு நடுப்பகலில்கூட மாறும். நான் பிடிவாதமாகக் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டேன். இறப்புச் சான்றிதழ் வாங்கி வந்தபோது வியாழன் தேதி போட்டிருந்தது. அம்மாவிடம் நீட்டினேன். வாங்கி, மடித்து, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். தேதியைப் பார்க்கவில்லை. வருஷா வருஷம் அவள் திதி பார்த்துத் திவசம் செய்வித்தாள். நான் ஆங்கிலத் தேதியன்று ஒருவேளை சாப்பிடாமல் இருந்தேன். இரண்டும் ஒரு தடவைகூட ஒரே நாளில் வந்ததாக ஞாபகம் இல்லை.

வியாழன் என்றால் நான் அப்பா போன அன்றைக்கே வந்துவிட்டவன். புதன் என்றால் ஒரு நாள் பிந்தியவன். பாரதிக்காக நான் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் அடியில் இருந்தது இதுதான். இதைக் கண்டுகொள்ள எனக்கு இத்தனை வருஷங்கள் ஆகியிருக்கின்றன. அம்மாவும் இப்போது இல்லை.

பாரதியை 12ஆம் தேதி காலையில் கிருஷ்ணாம்பேட்டை மயானத்துக்கு எடுத்துப் போனார்கள். ஒன்றரை மணியிலிருந்து விடியும்வரை அந்த வீட்டில் சிலர் விழித்திருந்திருக்க வேண்டும். அவர்களில் ஒருவரும் தேதியை நினைத்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் அதே போன்ற நேரத்தில் அம்மா விழித்திருந்தாள். அவளுக்கு அது எந்தக் கிழமை என்று சொல்லும் உரிமை இருந்தது. நான் திண்டிவனம் தாண்டி, பஸ் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

இந்தச் செப்டம்பரிலும் ஒரு பத்திரிகை 11 என்று போட்டால் பேசாமல் இருந்துவிடுவதாக இருக்கிறேன்.